மிதிமெஷின் பழகிய கால்கள்

எங்கள் கம்பெனிக்குத் தையல் வேலை கேட்டு வரும் பெண்களுக்குச் சின்னதாக ஒரு ட்ரையல் வைப்போம். மெஷினில் உட்காரவைத்து, இரண்டு துணித்துண்டுகளைக் கையில் கொடுத்து, நேராக ஒரு தையல் போடச் சொல்வோம். மற்ற சூப்பர்வைசர்கள் துணியைப் பார்ப்பார்கள். நான் காலைப் பார்ப்பேன். குதிகாலும் முன்காலும் மாறி மாறி ஏறி இறங்கினால், இவள் ஏதோ ஒரு ஊர்ச் சமுதாயக் கூடத்தில் இலவசத் தையல் வகுப்பு முடித்தவள் என்று தெரிந்துவிடும். பார்த்த மாத்திரத்தில் எனக்கு வயிறு எரியும். அந்தப் பெண் மேல் இல்லை. அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்பிவைத்த புண்ணியவான்கள் மேல்.

எனக்குக் கோபக்காரி என்று ஊரில் பெயர். அதற்காக நான் வெட்கப்படுவதில்லை. எங்கள் அக்கா சாது. சாதுவாக இருந்து அவள் என்ன வாழ்ந்துவிட்டாள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லைக்குள், சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேர்க்கடலை போட்ட காடெல்லாம் கம்பெனிகளாக மாற ஆரம்பித்த காலம் அது. நேற்றுவரை மாடு மேய்ந்த இடத்தில் சுவர் எழும்பியது, கேட் வந்தது, கேட்டுக்கு யூனிபாரம் போட்ட ஆள் வந்தான். காலையில் கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஆரன் அடித்து ஆள் ஏற்றிக்கொண்டு போனது. களை பறித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தப் பஸ்ஸைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கும். வெயிலில்லாத வேலை, மாசம் தவறாத சம்பளம், சாயந்திரம் வீடு.

அந்தப் பஸ்ஸில் ஏறுவது எனக்கு ஆசை. அக்காவுக்கு அதுதான் வாழ்வா சாவா. மாமா பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு, திரும்பி வருகிற வழியை மறந்துபோனார். ஒரு பெண், ஒரு பையன். இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயசு. ராஜம்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஏஜென்ட் வந்து, குவைத்தில் வீட்டு வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், விசா வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் அப்படிப் போயிருந்தார்கள். போனவர்கள் வீடு கட்டினார்கள். கட்டிய வீட்டில் அவர்கள் இல்லை, அவ்வளவுதான். அக்கா அவனிடம் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து வைத்திருந்தாள்.

"கம்பெனில எடுத்துக்கினா பசங்களோட இங்கியே இருந்துடுவேன். இல்லன்னா போய்த்தான் ஆவணும்" என்றாள் என்னிடம். அவள் அதை அழுதுகொண்டு சொல்லவில்லை. நாளைக்கு என்ன குழம்பு என்பதுபோலச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் திருப்பதியில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு தர்ம ஸ்தாபனத்தார் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு வந்தார்கள். பெரியவர்களுக்கான குறுகிய காலப் பயிற்சி, மூன்று மாசம், இலவசம், முடித்தால் கம்பெனியில் வேலை நிச்சயம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். அக்கா முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள். கூடவே என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

வகுப்பில் நான்கு தையல் மெஷின்கள் இருந்தன. எல்லாம் காலால் மிதித்து ஓட்டுகிற பழைய மெஷின்கள். அதில் ஒன்றுக்கு பெல்ட் இல்லை. கூடம் நிறையப் பெண்கள். ஒருத்தி மிதிப்பாள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்போம். சொல்லிக்கொடுக்க ஒரு மேடம் திருப்பதியிலிருந்து பஸ் மாறி மாறி வருவார். அவருக்குத் தமிழ் வராது. தெலுங்கிலேயே பாடம் நடத்துவார். அது ஒரு குறையில்லை. சந்தையிலும் தாலுகா ஆபீஸிலும் தெலுங்கில் சண்டை போட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். என் குறை வேறு. நியூஸ்பேப்பரில் ப்ளவுஸ் வெட்டுவது, சுடிதார் வெட்டுவது, கழுத்துக்குப் பூ வைப்பது என்று நாள் ஓடியது. கம்பெனியில் ஒருத்தியும் ப்ளவுஸ் தைப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஒருத்தி நாள் முழுக்கக் காலர் தைப்பாள். இன்னொருத்தி நாள் முழுக்க பேன்ட்டின் கால் மடிப்புத் தைப்பாள். அதுவும் கரண்ட் மெஷினில்.

என்னால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. "மேடம், கம்பெனில கரண்ட் மெஷின்தானே? நாங்க எதுக்கு இத மிதிச்சிக்கினு கீறோம்?" என்று கேட்டேன்.

"முந்து இதி நேர்ச்சுகோண்டி. தர்வாத்த அதி சால ஈஸி" என்றார். முதலில் இதைப் பழகிக்கொள், அப்புறம் அது ரொம்பச் சுலபம் என்று அர்த்தம்.

"நீங்க கரண்ட் மெஷின் ஓட்டியிருக்கீங்களா மேடம்?" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. அக்கா பின்னாலிருந்து என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். அதற்குப் பிறகு எனக்கு மெஷின் முறை வருவதே இல்லை. நானும் போடி என்று விட்டுவிட்டுக் கடலை பிடுங்கப் போய்விட்டேன். என்றைக்காவது போய்த் தலையைக் காட்டுவேன், உட்கார்ந்து கதை பேசுவேன், வந்துவிடுவேன்.

அக்கா அப்படியில்லை. மேடத்தின் வார்த்தை அவளுக்கு வேதவாக்கு. தன் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி, டேப்பால் தோள், மார்பு, இடுப்பு, உயரம் எல்லாம் அளந்து, அந்த அளவுக்குப் பேப்பரில் சுடிதார் வெட்டி வெட்டிப் பழகினாள். அந்த அளவுகள் அவளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாகிவிட்டன. மெஷினில் உட்கார நேரம் போதாததால் வீட்டில் ஒரு வேலை செய்தாள். உட்காரும் மணைப்பலகைக்கு அடியில் உருண்டையான ஒரு கட்டையைக் கொடுத்து, முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்தப் பலகையைக் காலால் மிதிப்பாள். குதிகால், முன்கால், குதிகால், முன்கால். பிள்ளைகள் பக்கத்தில் பாடம் எழுதும். இவள் கடலையை உரித்துக்கொண்டே கீழே மிதித்துக்கொண்டிருப்பாள். நாலு நாளில் பலகை இல்லாமலே கால் ஆட ஆரம்பித்துவிட்டது. சோறு தின்னும்போது ஆடும். ரேஷன் கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஆடும்.

"எங்கம்மா தூங்கறப்ப கூட கால் தைக்குது சின்னம்மா" என்று அவள் பெண் சொல்லிச் சிரிக்கும்.

மிதிமெஷினில் கால் தாளம் தப்பினால் சக்கரம் பின்பக்கம் சுற்றி நூல் அறுந்துபோகும். அக்காவுக்கு ஒரு தடவைகூட அறுந்ததில்லை. சக்கரத்தை வலது கையால் ஒரு தட்டுத் தட்டிக் கிளப்புவதும், நிறுத்த வேண்டிய இடத்தில் அதே கையால் பிடித்து நிறுத்துவதும் பார்க்க அழகாக இருக்கும். மேடம் மற்றப் பெண்களைக் கூப்பிட்டு அவள் காலைக் காட்டுவார். இப்படி மிதிக்க வேண்டும் என்பார். அக்காவுக்குப் பெருமை தாங்காது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். இவளை எடுக்காமல் வேறு யாரை எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பு முடிகிற சமயத்தில் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. அக்காவும் நானும் பஸ் ஏறிப் போனோம். அவள் வெளுத்து மடித்து வைத்திருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ட்ரையல் எடுத்தவர் திருப்பூர்க்காரர். அக்காவை மெஷினில் உட்காரவைத்துத் துணியைக் கொடுத்தார்.

அந்த மெஷினைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். முன்காலை அழுத்தினால் ஓடும். அழுத்துகிற அளவுக்கு வேகம். காலைச் சும்மா வைத்தால் நிற்கும். குதிகாலால் பின்பக்கம் அழுத்தினால் துணியை விட்டுவிட்டு நூலை வெட்டிவிடும். தையல் முடிந்தது என்று அதற்கு நாம் சொல்லும் பாஷை அது.

அக்கா வலது கையால் சக்கரத்தைத் தட்டினாள். "கையை எடுங்கக்கா!" என்று அவர் கத்தினார். அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். காலை வைத்து, மூன்று மாசம் பழகியபடி மிதித்தாள். முன்கால் இறங்கியது. டுர் என்று நாலு தையல். குதிகால் இறங்கியது. டக். நூல் வெட்டுப்பட்டுத் துணி வெளியே வந்துவிட்டது. திரும்ப வைத்தாள். டுர், டக். டுர், டக். அவளுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. தாளம் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒழுங்காக, இன்னும் வேகமாக மிதித்தாள். அது இன்னும் வேகமாக வெட்டியது. பக்கத்து மெஷின்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

திருப்பூர்க்காரர் நல்ல மனுஷன். சிரிக்கவில்லை. "எங்கக்கா படிச்சீங்க?" என்று கேட்டார். சொன்னாள். "படிச்சதை மறந்துட்டு வாங்க, எடுத்துக்கறேன். ஆறு மாசம் கழிச்சு அடுத்த செலக்‌ஷன் வரும்" என்றார்.

அடுத்தது நான். என் கால் எதையும் பழகியிருக்கவில்லை. அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். ஓடியது. கோணல்மாணலாக ஒரு தையல் போட்டேன். நாளை மறுநாள் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

வகுப்புக்கு ஒழுங்காகப் போகாதவளுக்கு வேலை. உயிரைக் கொடுத்துப் படித்தவளுக்கு இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே அவள் கால் மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்து அதை அவளே கவனித்தாள். இன்னொரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்ததும் நான் அந்தத் திருப்பூர்க்காரரிடம் கெஞ்சினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் லைன் சும்மாத்தானே கிடக்கிறது, எங்கள் அக்காவை உட்காரவைத்து நாலு நாள் பழக்கிவிடுகிறேன் என்றேன். கார்டு இல்லாதவர்களை கேட்டுக்குள் விடமாட்டார்கள் என்றார். கேட்டுக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். அவன் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான். யூனிபாரம் போட்டதும் என்னைத் தெரியாதவன் மாதிரி பார்த்தான். மேடத்திடம் கேட்டதற்கு, கரண்ட் மெஷின் எங்களிடம் ஏதம்மா என்று கையை விரித்துவிட்டார். இதற்குள் ஏஜென்ட் விசா வந்துவிட்டது என்று போன் செய்துவிட்டான். அதற்கு ஆறு மாசம் காத்திருக்கத் தெரியாது. இப்போதே சரி என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் அது வேறொருத்திக்குப் போய்விடும். அக்கா சரி என்றாள்.

அவள் கிளம்புவதற்கு முன்னால் வகுப்பின் நிறைவு விழா வந்தது. கூடத்தின் வாசலில் ஷாமியானா, நாற்காலி, ஃப்ளெக்ஸ் பேனர், மைக் செட். மேடத்துக்குப் பட்டுப்புடவை. திருப்பதியிலிருந்து பெரிய மனுஷர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். நான் ஷிப்ட் முடிந்து, கழுத்தில் கம்பெனி கார்டோடு அப்படியே நேராகப் போனேன். "ரண்டி ரண்டி, மா ஸ்டூடண்ட்" என்று அந்தக் கார்டைப் பார்த்து மேடம் பல்லெல்லாம் தெரிய வரவேற்றார். அவருடைய மாணவியாம் நான்!

உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மேடைக்கு முன்னால் ஒரு கரண்ட் மெஷின். புத்தம்புது. எங்கள் கம்பெனியில் இருக்கிறதே, அதே ஜாதி. மேசையின் பிளாஸ்டிக் உறைகூட முழுசாகப் பிரிக்கவில்லை. சந்தனம், குங்குமம் வைத்து, காட்சிக்காக நூல் கோத்து நிறுத்தியிருந்தார்கள். அதன் முன்னால் முதல் மாணவி என்று எங்கள் அக்காவை உட்காரவைத்து, துணியைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான் போட்டோக்காரன். அக்காவும் சொன்னபடி சிரித்தாள். மெஷினின் ப்ளக் தரையில் கிடந்தது.

"இது எங்கேருந்து வந்துது?" என்று அங்கிருந்த டிரைவரைக் கேட்டேன்.

"எப்பவும் ஆபீஸ்லதான் இருக்கும்மா. எந்த ஊர்ல ஃபங்ஷன் நடந்தாலும் வண்டில போட்டு எடுத்துனு வருவோம். முடிஞ்சதும் எடுத்துனு போயிடுவோம்" என்றான். அவனுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

எனக்குக் கண்ணில் ரத்தம் ஏறியது. அப்படியென்றால் இந்த மூன்று மாசமும் இது திருப்பதியில் ஏதோ ஓர் அறையில் உறை போட்டுக்கொண்டு சும்மா நின்றிருக்கிறது. ஒரே ஒரு வாரம் அதைக் கொண்டுவந்து வைத்திருந்தால் போதும். ஒரு நாள் போதும்! மேடையில் பெரிய மனுஷர் எழுந்து பேச ஆரம்பித்தார். நம் சகோதரிகள் நவீன இயந்திரங்களில் பயிற்சி பெற்று என்று தெலுங்கில் முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

சுவரில் இருந்தது ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அதில் மைக் செட் ஓடிக்கொண்டிருந்தது. நேராகப் போய் அதைப் பிடுங்கினேன். பேச்சு பாதியில் நின்றது. பெரிய மனுஷர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் மெஷினின் ப்ளக்கை எடுத்துச் சொருகினேன்.

"இன்னாடி பண்றே? வுட்டுடுடி" என்றாள் அக்கா. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"நீ பேசாத. முன்கால மட்டும் அழுத்து. குதிகால மறந்துடு. அப்டி ஒண்ணு உனக்கு இல்லவே இல்லன்னு நெனச்சிக்கோ."

அக்கா கையில் இருந்த துணியை மேடம் வந்து இழுத்துக்கொண்டார். சற்றுமுன் அவளுக்குப் போர்த்தியிருந்த பொன்னாடையை எடுத்து இரண்டாக மடித்து, ஊசிக்குக் கீழே வைத்தேன். அக்கா சுற்றிலும் பார்த்தாள். அவளோடு படித்த பெண்கள் எழுந்து வந்து மெஷினைச் சுற்றி நின்றுகொண்டார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. காலை வைத்தாள். டுர், டக். நான் குனிந்து அவள் குதிகாலைக் கையால் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள் அது மேலும் கீழும் துடித்தது. திரும்பவும் டுர், டக். கொஞ்சம் கொஞ்சமாக என் கையில் அந்தத் துடிப்பு அடங்கியது. மெஷின் ஓடியது. நிற்காமல் ஓடியது. ஒரு முழத்துக்குக் கோடு கிழித்தது மாதிரி நேரான தையல். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பில்லை இது.

"அவ்ளோதானா?" என்றாள். "இவ்ளோதானாடி இது?"

அதற்குள் ஸ்தாபனத்து ஆள் ஓடிவந்து ப்ளக்கைப் பிடுங்கினான். மெஷினுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கத்தினான். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. தமிழிலும் தெலுங்கிலும் எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையும் அன்றைக்கு வெளியே வந்தது என்று ஊரில் சொல்வார்கள். பெரிய மனுஷருக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். கார் போனது. ஊசிக்குக் கீழே மாட்டியிருந்த பொன்னாடையை வெடுக்கென்று இழுத்துக் கிழித்து அக்கா கையில் கொடுத்துவிட்டு, மெஷினைத் தூக்கி வண்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் தெலுங்குப் பேப்பரின் உள்ளூர்ப் பக்கத்தில் அக்காவின் போட்டோ வந்தது. கரண்ட் மெஷின் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாசமே அவளைச் சென்னை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டோம். பையன் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அழுதான். பெண் அழவில்லை. அன்றிலிருந்து இரண்டும் என் வீட்டில்தான் வளர்ந்தன. நான் ஷிப்ட்டுக்குப் போய்வந்து அவர்களுக்குச் சோறாக்கினேன். என் அக்கா கடல் தாண்டி யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ சோறாக்கினாள்.

போனவள் மூன்று வருஷம் வரவில்லை. மூன்றாம் வருஷம், ஊருக்கு வந்த ஒருத்தியிடம் ஒரு பார்சல் கொடுத்தனுப்பியிருந்தாள். பெண்ணுக்கு ஒரு சுடிதார். போனில் அவள் குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"நானே தெச்சது. இந்த வூட்டம்மா கரண்ட் மெஷின் வெச்சிருக்கா. அவங்க பசங்க துணியெல்லாம் நான்தான் தெக்கிறேன். நீ சொன்னியே, முன்கால மட்டும் அழுத்துன்னு. அதேதான். கால் படிஞ்சிடுச்சிடி எனக்கு."

தையலைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் லைனில் எவளும் அப்படித் தைக்கமாட்டாள். உள்பக்கம் ஒரு நூல் பிசிறு இல்லை. பெண் அதைத் தலைவழியாகப் போட்டுப் பார்த்தாள். தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கவில்லை. வகுப்புக்காக அன்று அளந்த அளவை மனசில் வைத்துக்கொண்டு வெட்டியிருக்கிறாள். இந்தப் பெண் அதற்குள் என் தோளுக்கு வளர்ந்து நிற்கிறாள்.

"சரியா கீதுன்னு சொல்லிடு சின்னம்மா" என்றது பெண், சுடிதாரைக் கழற்றியபடி. சொன்னேன். போனில் அக்கா சந்தோஷத்தில் சிரித்தாள்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். சமுதாயக் கூடத்துப் பக்கம் போகும்போது உள்ளேயிருந்து கடகடவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அதே ஸ்தாபனத்தாரின் புது பேட்ச். அதே நான்கு மெஷின்கள், புதிதாகப் பெயின்ட் அடித்து. ஒருத்தி மிதிக்க, சுற்றிலும் பெண்கள் நின்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுக்க இந்தத் தடவை புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப்பெண் ஒருத்தி வந்திருந்தாள். சின்னப் பெண்.

"இவங்கள்லாம் கம்பெனி வேலைக்குத்தானே கத்துக்கிறாங்க? கரண்ட் மெஷின் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குதுக்கா" என்றாள் அவள் சந்தோஷமாக. "ஃபங்ஷன் அன்னிக்கு வண்டில வரும்."